மெல்ல உழக்குவோம்

பாடசாலைத் தவணை விடுமுறை கழிந்து மீண்டும் மணி அடிக்கும் நாளில், வகுப்புக்கு வராத மாணவனைத் தேடிப் பிடிக்க இடாப்பு உண்டு, வகுப்பாசிரியர் உண்டு, அதிபர் உண்டு. ஆனால், சனிக்கிழமைதோறும் விடியற்பொழுதில் நண்பர் குழுவோடு சைக்கிள் உழக்கி வந்த ஒருவர், விடுமுறையின் பின் வராது நின்றுவிட்டால் அவரைத் தேடுவார் யார்? இடாப்பில்லாத வகுப்பு அது. வந்தார் வந்தார், நின்றார் நின்றார் என்ற அளவில் காரியம் முடிந்துவிடுகின்றது.

இன்று நம் ஊர்களில் ஆசிரியர், மாணவர், அலுவலர், இளைப்பாறியோர் எனப் பலர் சிறு சிறு குழுக்களாகக் கூடி, உடல்நலத்துக்கும் உள்ளத்தின் மகிழ்ச்சிக்குமாகச் சைக்கிளில் உலா வருகின்றனர். போற்றத்தக்க வழக்கம் இது. ஆயினும் நீண்ட விடுமுறை ஒவ்வொன்றின் பின்னும் இக்குழுக்கள் சிலரை இழக்கின்றன. பன்னிருவராய்ப் பிரிந்தோர் ஒன்பதின்மராய்க் கூடுவர்; அடுத்த விடுமுறையின் பின் எழுவர். இதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமன்று என்பது என் துணிபு. நின்றுவிட்டவர்களுட் பலர் வராமலே நின்றவரல்லர். விடுமுறைக்குப் பின் ஒருமுறை வந்து, பின்தங்கி, நாணி, அதன்பின் வராது நின்றவர். ஆகவே, குற்றம் அவர் மடியில் இல்லை; அவரை வரவேற்ற வேகத்திலேயே இருக்கின்றது. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசவேண்டிய பக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் புருவம் நெரிக்கலாம். சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். தமிழகத்தார் மிதிவண்டி என்பதை நாம் எழுத்திலே துவிச்சக்கரவண்டி என்றும் பேச்சிலே சைக்கிள் என்றும் வழங்குகின்றோம். வண்டிக்கு அயற்பெயர் இட்டுக்கொண்ட யாழ்ப்பாணத்தார், அதனைச் செலுத்தும் தொழிலுக்கு மட்டும் உழக்குதல் என்னும் பழந்தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டனர். காலால் மிதித்துக் கலக்குதல் என்ற பொருளில் முன்னையோர் ஆண்ட சொல் அது. யானை குளத்தை உழக்கிய காலம் போய், பண்டிதரும் மாணவரும் சைக்கிள் உழக்குங் காலம் வந்திருக்கின்றது.

இனி, விடுமுறை என்னும் சொல்லையும் சற்று நோக்குவோம். அது வினைத்தொகை. விட்ட முறை, விடுகின்ற முறை, விடும் முறை என முக்காலத்துக்கும் விரியும். முறையை விட்டுவிடுதல் என்பதன்று அதன் பொருள். விடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதே பொருள். விடுவதற்கு முறை உண்டெனில், விட்டதைத் தொடுவதற்கு முறை வேண்டாவா? அம்முறையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விட்ட இடத்திலிருந்தே தொட்டுவிடலாம் என்று கருதி, முதல் நாளிலேயே பழைய தூரத்தையும் பழைய வேகத்தையும் எட்ட முனைகின்றோம். இடையில் விடுபட்ட நாள்களுக்கும் சேர்த்து வட்டியோடு கடன் தீர்ப்பவர்போல் அன்று இருமடங்கு ஓடுவோரும் உளர்.

இங்கே பழைய கதையொன்றும் நினைவுகூரத் தக்கது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்து ஓடின. மற்றெல்லாவற்றுக்கும் சைக்கிளே கதியாயிற்று. நோயாளியும் கரியலில் இருந்தே வைத்தியசாலைக்குப் போனார். மணமக்களும் சைக்கிளிலேயே ஊர்வலம் வந்தனர். விறகும் தேங்காயும் நெல்மூடையும் அதன் மேலேயே ஏறின. மின்சாரம் இல்லாத இரவுகளில், நிறுத்திவைத்த சைக்கிளின் பின்சில்லை ஒருவர் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்கள் தலைமுறை. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஏறி ஓடவும் இடமில்லாத நெரிசலில், வாழ்வின் மிச்சங்களை யெல்லாம் கட்டிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டே சென்றனர்.

அது கட்டாயம். விரும்பி உழக்கினோமா, வெறுத்து உழக்கினோமா என்று கேட்பார் அன்று இல்லை. போர் ஓய்ந்து மோட்டார் வாகனங்கள் பெருகியதும் சைக்கிள்கள் கோடிப்புறத்துச் சுவரிற் சாய்ந்தன. பின்னர் 2022 ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்குதல் நிறுத்தப்பட்டபோது, துருப்பிடித்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அந்நாளில் சேர்ந்து பாடசாலை சென்ற ஆசிரியர் சிலர், நெருக்கடி தணிந்தபின்னும் சனிக்கிழமை விடியலில் மாத்திரம் அப்பழக்கத்தை விடாது கைக்கொண்டனர். எங்கள் சிறு குழு அவ்வாறு பிறந்ததே. இரண்டு கட்டாயங்களைக் கடந்து, முதன்முறையாக விருப்பத்தின் பேரில் நாம் சைக்கிள் ஏறுகின்றோம். விருப்பத்தில் வந்த ஒன்றை மீண்டும் கட்டாயமாகவும் போட்டியாகவும் ஆக்கிவிடலாகாது. கட்டாயம் ஆளைப் பிடித்து வைத்திருக்கும், விருப்பம் அவ்வாறன்று. ஒருமுறை புண்பட்டால் அது எழுந்து போய்விடும்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசன் பகைமேற் செல்லும்போது நோக்க வேண்டியவை அவை. விடுமுறை கழித்துச் சைக்கிள் எடுப்பவனுக்கும் அவ்வரிசையே பொருந்துகின்றது.

முதலாவது வலி. உடலின் வலி விடுமுறையில் எவ்வளவு குறைகின்றது? நெடுநாட் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் பயிற்சியை 84 நாள் நிறுத்தியபோது நேர்ந்த மாற்றத்தை அமெரிக்க ஆய்வாளர் அளந்து 1984 ஆம் ஆண்டு வெளியிட்டனர். உடல் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதல் 21 நாளிலேயே நூற்றுக்கு 7 வீதம் குறைந்தது. 56 நாளளவில் 16 வீதம் குறைந்து, பின் அந்நிலையில் நின்றது. முதலிற் குறைவது பெரும்பாலும் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு. தேர்ந்த வீரர்க்கே இந்நிலை எனின், கரும்பலகைக்கும் கதிரைக்கும் இடையே வாழும் நம்போல்வார் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. தசையின் பலம் அத்துணை விரைவில் குன்றுவதில்லை. எனவே முதல் நாளிற் கால் பழையபடி உழக்கும். மூச்சு மட்டும் உடன்வராது. கால் சொல்வதை நம்பிப் புறப்பட்டவன் மூன்றாங் கட்டையில் நெஞ்சைப் பிடிப்பான். அன்றியும், இருக்கைக்குப் பழகியிருந்த உடம்பு அப்பழக்கத்தை இழந்திருக்கும். கழுத்தும் மணிக்கட்டும் அவ்வாறே. பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போய்க் குளிரில் ஒரு மாதம் இருந்து வந்தவருக்கு, நம் வெயிலைத் தாங்கும் பழக்கமும் தளர்ந்திருக்கும். மென்மையான மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சை ஒடிக்கும் என்ற எச்சரிக்கை வலியறிதல் அதிகாரத்திலேதான் வருகின்றது என்பதை நேயர் நினைவுகூர்க.

வேகம் தகுந்ததா என்று அறிய இந்நாளிற் கைக்கடிகாரங்களே நாடி பார்த்துச் சொல்கின்றன. தமிழ் கற்றவனுக்கு அதனினும் எளிய கருவி உண்டு. உழக்கிக்கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் தடையின்றி வந்தால் வேகம் தகுந்ததே. முதலடியின் நாற்சீரிலே மூச்சு அறுந்து, ஈற்றடிக்கு வேறு மூச்சுத் தேட நேர்ந்தால் வேகம் மிகுந்துவிட்டது, குறைத்துக்கொள்க. இது விளையாட்டாகச் சொல்வதன்று. உழைக்கும்போது தடையின்றிப் பேச முடிகின்றதா என்று பார்ப்பது உடற்பயிற்சி நூலார் ஒப்புக்கொண்ட சோதனையே. இனி, ஐம்பது வயதைக் கடந்தோரும் நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரும் நீண்ட இடைவெளியின் பின் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டல் நன்று. நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ தோன்றினால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

வண்டிக்கும் வலி உண்டு. மூன்று வாரம் நின்ற சைக்கிளின் ரியூபில் ஓட்டை இல்லாவிடினும் காற்று இறங்கியே இருக்கும். காற்றுக் குறைந்த ரயர் வீதியைப் பற்றி இழுக்கும். ஓடுபவனோ தன் உடம்பு தளர்ந்துவிட்டதென்று வருந்துவான். கடற்காற்றின் உப்பு செயினிற் படிந்து துருவேற்றும். பிறேக் கட்டை இறுகிப்போனால் பிடிக்க வேண்டிய இடத்திற் பிடியாது. ஆகையால் வெள்ளிக்கிழமை மாலையிலேயே காற்று அடித்து, செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, பிறேக்கை இழுத்துப் பார்த்து, மணியையும் விளக்கையும் சோதித்து வைத்தல் வேண்டும். அரைமணி நேர வேலை. அதனைச் செய்யாது வந்து, பத்துப் பேரை வீதியோரத்தில் நிறுத்தி வைப்பது நட்புக்கு அழகன்று.

இரண்டாவது காலம். காலம் என்பது விடியலா மாலையா என்பது மட்டுமன்று. எத்தனை வாரத்தில் பழைய நிலைக்கு மீளலாம் என்பதுமாகும். எங்கள் குழுவில் நான் முன்மொழிந்து இப்போது வழக்கமாகிவிட்ட ஒழுங்கு இது. விடுமுறை கழிந்த முதல் மூன்று சனிக்கிழமைகளும் மீட்சி வாரங்கள். முதல் வாரம் நல்லூரில் தொடங்கிக் கல்வியங்காடு, இருபாலை வழியே கோப்பாய் சென்று திரும்புதல்; ஏறத்தாழ 10 கிலோமீற்றர். இரண்டாம் வாரம் அதே வழியில் வாழைத் தோட்டங்கள் நிறைந்த நீர்வேலி வரை. மூன்றாம் வாரம் அதற்குமேற் சிறிது தூரம். நான்காம் வாரத்திலேதான் விடுமுறைக்கு முன்னிருந்த தூரமும் வேகமும். இடையில் வாரநாளில் ஒருமுறையேனும் தனியே அரைமணி நேரம் உழக்குவோர்க்கு மீட்சி இன்னும் எளிதாகும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது எல்லா வாரத்துக்கும் பொதுவிதி.

மூன்றாவது இடம். நம் குடாநாடு தட்டையான நிலம். ஏறி இளைக்க மலையில்லை. ஆனால் எங்களுக்குக் காற்றே மலை. சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் ஏறி வேலணைப் பக்கம் சென்றவர்க்கு இது விளங்கும். இருபுறமும் பரவைக் கடல்; மறைப்பதற்கு ஒரு பனைதானும் இல்லை. காற்றின் தடை வேகத்தோடு ஒப்ப வளர்வதன்று. காற்றை எதிர்க்கும் வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆகையால் மீட்சி வாரங்களில் திறந்த கடல்வழியைத் தவிர்த்து, வீடுகளும் வேலிகளும் மரங்களும் காற்றை உடைக்கும் உள்வீதிகளைத் தெரிந்துகொள்ளல் அறிவுடைமை. காற்றுள்ள வழியிலேதான் போகவேண்டும் எனின், போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வாய்க்குமாறு போதல் வேண்டும். பின்காற்றில் உல்லாசமாகத் தொலைவு சென்றவன், தளர்ந்த நிலையில் எதிர்க்காற்றை உழக்கித் திரும்பும்போது படும் பாட்டைச் சொல்ல முடியாது. இடையில் நிற்க ஒரு தேநீர்க்கடையும், வேண்டின் சுருக்கிக்கொள்ள ஒரு குறுக்குவீதியும் உள்ள வழியே முதல் வாரத்துக்கு உகந்த வழி.

இம்மூன்றும் தனியொருவனுக்கும் பொருந்தும். குழுவாகச் செல்லும்போது நான்காவதாக ஒன்று வேண்டும். அது துணையறிதல். யார் யார் நம்மோடு வருகின்றனர், அவர் எந்நிலையில் வருகின்றனர் என்று அறிதல்.

அயலூர்க் குழுவொன்றில் நிகழ்ந்ததை நான் அறிவேன். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்; கணிதம் கற்பித்தவர்; என் நண்பர். மனைவியின் நோய் காரணமாக இரண்டு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. மீண்டும் வந்த முதல் நாள், குழு தன் வழக்கமான வேகத்திற் சென்றது. இரண்டு முறை அவருக்காக நின்றார்கள். மூன்றாம் முறை, “நீங்கள் போங்கோ தம்பிமார், நான் ஆறுதலாய் வருகிறேன்” என்று அவரே சொல்லிவிட்டார். அவர்களும் போய்விட்டார்கள். யாரும் அவரைக் கடிந்து ஒரு சொற் சொல்லவில்லை. எல்லாரும் அவரிடத்து மதிப்புடையவரே. ஆயினும் அவர் அதன்பின் அக்குழுவோடு செல்லவில்லை. காரணம் கேட்டேன். “அவர்களுக்கு நான் பாரம்” என்றார். வீட்டிலே நோயாளியைப் பார்த்திருந்த மனிதருக்கு வாரத்தில் ஒருநாள் வெளியுலகைக் காட்டிய சாளரம் அது. அது சாத்தப்பட்டது. சாத்தியவர் யாரும் தாம் சாத்தியதாக அறியார். இதைத்தான் நான் பெரிய இழப்பு என்கின்றேன்.

“நின்றார்களே, அது போதாதா?” என்று கேட்கலாம். நிற்பதிலும் ஒரு கொடுமை உண்டு. அதனைப் பின்தங்கியவனே அறிவான். முன்னே சென்றோர் நின்று, தண்ணீர் குடித்து, இளைப்பாறி, கதைத்துக்கொண்டிருப்பர். கடைசியாள் மூச்சிரைக்க வந்து சேர்வான். வந்தவுடனே, “சரி, எல்லாரும் வந்தாயிற்று, புறப்படுவோம்” என்பர். ஆறுதல் வேண்டாதார்க்கு ஆறுதல், வேண்டியவனுக்கு இல்லை! இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தால் வலியவர் மேலும் வலியராவர். மெலியவர் மேலும் மெலிவர். ஆகவே நின்று காத்தலினும் உடன் செல்லுதலே சிறந்தது. நிற்க நேரின், கடைசியாள் வந்தபின் அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் காலை மிதியில் வைத்தலாகாது.

பிற நாட்டார் இதனை முன்பே சிந்தித்துள்ளனர். இங்கிலாந்தில் சைக்கிள் உலாவுக்கென 1878 ஆம் ஆண்டிலேயே பெருஞ்சங்கம் அமைந்துவிட்டது. பிரான்சில் 1904 ஆம் ஆண்டு தொடங்கிய ஓடாக்ஸ் என்னும் குழுச் சவாரி முறை இன்றும் நடைபெறுகின்றது. நீண்ட தூரத்தைக் குழுவாகவே கடக்கவேண்டும். வழித்தலைவர் ஒருவர் வேகத்தை அமைப்பார். அவரை முந்திச் செல்லுதல் கூடாது. மணிக்கு 22.5 கிலோமீற்றர் என்பது அம்முறையில் வழங்கும் வேகம். இதிற் சிறப்பென்ன வெனில், முந்தி வந்தவர் என்று ஒருவர் அங்கே இல்லை. சேர்ந்து புறப்பட்டோர் சேர்ந்து சேர்வதே வெற்றி. அந்நாட்டிலே சைக்கிள் உலாவின் ஆசானாக மதிக்கப்பெறுபவர் வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட போல் த விவி. 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். சைக்கிள் உலாவுவோர்க்கு அவர் வகுத்த விதிகளுள், பசிக்குமுன் உண்க, களைக்குமுன் ஆறுக என்னும் கருத்தின. தற்பெருமைக்காக உழக்குதல் ஒருபோதும் ஆகாது என்பதும் அவற்றுள் ஒன்று. முன்னைய விதிகளை உடல் கற்பிக்கும். இறுதியில் சொன்னதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

பழந்தமிழ்ப் படையில் முன்னணிக்குத் தூசி என்றும் பின்னணிக்குக் கூழை என்றும் பெயர். நம் குழுவுக்கும் இரண்டும் வேண்டும். தூசியிற் செல்பவர் வேகமாக ஓடக்கூடியவராக இருந்தால் மட்டும் போதாது. மெல்ல ஓடத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். திரும்பிப் பாராமலே பின்னால் வருவோரின் மூச்சைக் கேட்கும் செவி வேண்டும். கூழையிற் செல்பவரோ குழுவில் வல்லவர்களுள் ஒருவராக இருக்கவேண்டும். பம்பியும் ஒட்டுப்போடும் பொருள்களும் அவரிடம் இருக்கவேண்டும். என்ன நேர்ந்தாலும் அவருக்குப் பின் ஒருவரும் இருத்தல் கூடாது. இடையிலே, நீண்ட நாளின் பின் வந்தவர், முன்னே செல்வோர் காற்றை உடைக்க, அவர் நிழலிற் செல்லலாம். ஒருவர் பின் ஒருவராய் வீதியின் இடதோரத்திற் செல்லவும், குழியையும் வாகனத்தையும் கையாற் காட்டிச் சொல்லவும் முதல் வாரத்திலேயே மறுபடி பழகவேண்டும். உடலைப் போலவே ஒழுங்கும் விடுமுறையில் தளர்ந்திருக்கும். அதன் தளர்ச்சியோ உயிருக்கே உலை வைக்கும். முன்னவர் சில்லை ஒட்டிச் செல்லும் துணிவை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்க.

என் மாணவன் ஒருவன் என்னை மறுத்தான். “சேர், எல்லாரும் மெல்லப் போனால் எங்களுக்கு என்ன பயிற்சி? மூன்று சனிக்கிழமை வீண்தானே?” என்றான். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்லவேண்டும். இளங்காலுக்கு வேகம் ஓர் உரிமை. அதை யாரும் பறிக்க வேண்டா. ஞாயிற்றுக்கிழமை இருக்கின்றது, வல்லார் நால்வர் கூடிப் பருத்தித்துறை வரை பறக்கட்டும். வேகக் குழு வேறு, உலாக் குழு வேறு என்று வெளிப்படையாகப் பெயரிட்டுக்கொள்வதில் எவர்க்கும் இழிவில்லை. உலாக் குழு என்று அழைத்துவிட்டு வேகக் குழுவாக ஓடுவதுதான் தவறு. அன்றியும், மீட்சி வாரத்தில் வல்லவனுக்கு வேலையில்லை என்பதும் சரியன்று. முன்னே சென்று எதிர்க்காற்றைத் தன் மார்பில் ஏற்கட்டும். பின்னே சென்று தளர்ந்தவரோடு கதைத்து வரட்டும். வேகத்தை அடக்கி ஒரே சீராகச் செலுத்துவது வேகமாகச் செலுத்துவதினும் அரியது. நிரம்பக் கற்றவன் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும்போது படும் அடக்கம் அது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். விடுமுறை எல்லார்க்கும் ஒன்றன்று. எங்கள் குழுவில் ஆசிரியைமார் சிலர் உளர். அவர்களுள் ஒருவரிடம் விடுமுறை எவ்வாறு கழிந்தது என்று கேட்டேன். “விடுமுறை உங்களுக்குத்தான் சேர், எங்களுக்கு அது அடுப்படியில் மேலதிக நேரம்” என்றார். பிள்ளைகள் வீட்டில், உறவினர் வருகை, திருவிழாக்கால விரதச் சமையல். ஓய்வெடுத்துக் கொழுத்தவரும் உழைத்துத் தளர்ந்தவரும் ஒரே சனிக்கிழமையில் வந்து நிற்கின்றனர். நோயில் விழுந்தெழுந்தவர் உண்டு. துக்க வீட்டிலிருந்து வருபவர் உண்டு. பெற்றோருக்குத் தோட்டத்தில் உதவி, அந்த உழைப்பாலேயே வலுவேறி வரும் மாணவனும் உண்டு. எல்லாரையும் ஒரே கோலால் அளப்பது எவ்வாறு பொருந்தும்? ஆகவே, புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒருவரை ஒருவர் நலம் கேட்டல் வெறும் உபசாரமன்று. அன்றைய வேகத்தைத் தீர்மானிக்கும் முதற் கருமம் அதுவே.

ஆசிரியராகிய நேயர்க்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தவணையின் முதல் வாரத்தில், பாடத்திட்டம் பின்தங்கிவிட்டதே என்ற பதற்றத்தில் வேகமாக ஓடும் ஆசிரியரின் பின்னே எத்தனை பிள்ளைகள் வீதியோரத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதை நாம் அறிவோம். வகுப்பறையிலாவது அவர்கள் உடலளவில் இருப்பார்கள். இடாப்பில் பெயர் இருக்கும். சைக்கிள் குழுவிலோ அவ்விடம் வெறுமையாகிவிடும்.

குழுவின் பெருமை அதன் வேகத்திலில்லை. சென்ற தவணையிற் புறப்பட்டோருள் எத்தனை பேர் இந்தத் தவணையிலும் புறப்படுகின்றனர் என்பதிலேயே உள்ளது. ஒவ்வொரு குழுவும் விடுமுறை கழிந்த மூன்றாம் சனிக்கிழமையன்று தன் ஆட்களை எண்ணிப் பார்க்கட்டும். குறைந்திருந்தால், குறைந்தவர் வீட்டுப் படலையில் ஒருவர் போய் நின்று மணி அடிக்கட்டும். “ஏன் வரவில்லை?” என்று கேட்க வேண்டா. “நாளைக் காலை ஐந்தரைக்குக் கோப்பாய் வரைதான், மெல்லத்தான் போவோம்” என்று சொன்னாற் போதும். சொன்னபடி மெல்லவும் போகவேண்டும்.